சாய்வு நாற்காலியின் துணியை மாற்றுதல்

துணிச் சாய்வு நாற்காலி என்பது பலகை, பிரம்பு, ஒயர் எதுவும் இல்லாமல், ஒரு சட்டத்தில் தொங்கும் ஒற்றைத் துணியில் ஆள் சாய்ந்து உட்காரும் இருக்கை ஆகும். தமிழ்நாட்டில் 'ஈஸி சேர்' என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். திண்ணையிலும் முன்வாசலிலும் மொட்டை மாடியிலும் கிடக்கும் இந்த நாற்காலியின் தேக்குச் சட்டம் இரண்டு தலைமுறைக்கும் உழைக்கும். துணி அவ்வளவு காலம் உழைக்காது. வெயில் படும் இடத்தில் கிடந்தால் சில ஆண்டுகளிலேயே நைந்துவிடும். ஆகவே ஒரு நாற்காலியின் ஆயுளில் பல முறை துணி மாற்ற வேண்டியிருக்கும்.

இதைத் தலையணை உறை மாற்றுவது போன்ற வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். தலையணை உறை கிழிந்தால் பஞ்சு வெளியே தெரியும், அவ்வளவுதான். ஈஸி சேர் துணி கிழிந்தால் உட்கார்ந்திருப்பவர் முதுகும் இடுப்பும் அடிபடத் தரையில் விழுவார். அவர் பெரும்பாலும் அந்த வீட்டில் வயதில் மூத்தவராக இருப்பார். தொங்கு பாலத்துக்கு வடம் எப்படியோ அப்படித்தான் இந்த நாற்காலிக்குத் துணி: எடையைத் தாங்கும் உறுப்பே அதுதான். துணியைத் தேர்ந்தெடுப்பது, அளப்பது, தைப்பது ஆகிய எல்லா வேலைகளையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இரண்டு வகை நாற்காலிகள்

நம் வீடுகளில் இன்று இரண்டு வகைகளைக் காணலாம்.

முதலாவது பழைய மர ஈஸி சேர். ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் மரச்சட்டங்கள், பின்புறம் சாய்வைக் கூட்டிக் குறைக்கப் பல் வெட்டிய ஒரு சட்டம், சிலவற்றில் கைப்பிடிகள் இருக்கும். துணியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் குழல் போலத் தைத்து, அதற்குள் ஒரு உருட்டுக் கம்பைச் செருகி, கம்பின் நுனிகளைச் சட்டத்தின் துளைகளில் மாட்டியிருப்பார்கள். துணி மேலிருந்து கீழாகத் தொங்கும். மடக்கக்கூடிய இவ்வகை நாற்காலிக்கு ஜான் தாமஸ் மூர் என்பவர் 1886ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கப்பலின் மேல்தளத்தில் பயணிகள் காற்று வாங்கப் பயன்பட்டதால் அங்கே இதற்கு 'டெக் சேர்' என்று பெயர். நம் ஊர்த் தச்சர்கள் இதைத் தங்கள் கைப்பாங்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் இரண்டு வீட்டு ஈஸி சேர்கள் ஒரே அளவில் இருப்பதில்லை.

இரண்டாவது அலுமினியச் சட்டக நாற்காலி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனியிலும், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் நீச்சல் குளக்கரையிலும் இருப்பது இதுதான். இதில் துணி மேலிருந்து கீழாகத் தொங்காமல், இடச்சட்டத்துக்கும் வலச்சட்டத்துக்கும் நடுவே மத்தளத்தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் வெளியிட்ட அலுமினிய நாற்காலிகள் இந்த அமைப்பைப் பரப்பியவற்றுள் முக்கியமானவை. வீட்டுக்கு வெளியே போடுவதற்காகவே அவை முதலில் உருவாக்கப்பட்டன. அதே 1958இல்தான் அத்தம்பதி இந்திய அரசின் அழைப்பை ஏற்று இங்கே வந்து, 'இந்தியா அறிக்கை' எனப்படும் அறிக்கையை அளித்தனர். அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் ஊர்ச் செம்பின் வடிவத்தை அவ்வறிக்கை வியந்து பேசுவது மாணவர்கள் தேடிப் படிக்கத் தக்கது.

துணி ஏன் நைகிறது

முதல் காரணம் வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இழையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டிக்கின்றன. சங்கிலி துண்டானால் இழை நீளும் தன்மையை இழந்து மொரமொரப்பாகிறது. நிறம் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். வலு குறைவது தெரியாது. சென்னையின் தென்புறம் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும், நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. மொட்டை மாடியில் விட்ட நாற்காலிக்கு நிழல் என்பதே கிடையாது.

அடுத்தது ஈரம். பருத்தி என்பது செல்லுலோஸ். பூஞ்சைக்கு அது உணவு. ஈரமான துணியைச் சுருட்டி மூலையில் வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளிகள் தோன்றும். அவை வெறும் கறை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது, பூஞ்சை இழையைத் தின்னத் தொடங்கியதன் அடையாளம் அது. கோவிலம்பாக்கம் போன்ற இடங்களில் கடற்கரை கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதைவிடப் பக்கம். காற்றில் எப்போதும் ஈரமும் சிறிது உப்பும் உண்டு. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். அதோடு சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களில் வெளியே கிடக்கும் பருத்தித் துணி காய்வதே இல்லை எனலாம்.

தலை சாயும் இடத்தில் எண்ணெயும் வியர்வையும் ஊறுகின்றன. இதனால் அழுக்குப் படிகிறதே தவிர வலு பெரிதாகக் குறைவதில்லை. அழுக்கான இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். ஆனால் துணி பெரும்பாலும் கிழிவது வேறோர் இடத்தில், கம்பு செருகிய குழலின் உள்பக்கத்திலும் அதன் தையல் ஓரத்திலும். அங்கே துணி மரத்தோடு உரசுகிறது, ஈரம் தங்குகிறது, ஊசி குத்திய துளைகள் வரிசையாக இருக்கின்றன, முழு எடையும் அந்தக் கோட்டில் இழுக்கிறது. நாற்காலியை எதிரே நின்று பார்த்தால் அந்த இடம் தெரியாது.

எவ்வளவு இழுவிசை

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிடலாம். ஒரு துணியின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் கட்டப்பட்டிருக்க, நடுவில் எடை இருப்பதாகக் கொள்வோம். துணி கிடைக்கோட்டோடு ஏற்படுத்தும் கோணம் தீட்டா என்றால், துணியில் உள்ள இழுவிசை = எடை ÷ (2 × சைன் தீட்டா).

60 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். துணி ஆழமாகத் தொங்கி 45 பாகைக் கோணம் இருந்தால் இழுவிசை சுமார் 42 கிலோ எடைக்குச் சமம். 30 பாகை என்றால் சரியாக 60 கிலோ. 15 பாகைக்கு 116 கிலோ. 10 பாகைக்கு 173 கிலோ. அதாவது துணியை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவுக்கு இழுவிசை ஏறுகிறது. ஆளின் எடை மாறவே இல்லை. துணி துவைக்கக் கட்டிய கொடிக்கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரவேட்டி போட்டதும் சற்றே தொய்வதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

உண்மையான ஈஸி சேரில் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இல்லை, எடையும் ஒரே புள்ளியில் இல்லை. ஆகவே இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் கணக்கு சொல்லும் செய்தி பொருந்தும். தொங்கும் மர ஈஸி சேருக்குப் பருத்திக் கித்தான் போதும். இழுத்துக் கட்டும் அலுமினிய நாற்காலிக்கு அது போதாது. இன்னொன்று, மெதுவாக உட்காராமல் எடையைத் திடீரென்று துணியின்மேல் விட்டால் அந்தக் கணத்தில் இழுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 'தொப்'பென்று விழுந்து உட்காருகிறவர்களின் நாற்காலித் துணி சீக்கிரம் கிழிவதில் வியப்பில்லை.

மாற்ற வேண்டிய நேரம்

கிழிந்த பிறகு மாற்றுவது என்பது விழுந்த பிறகு மாற்றுவது. அதற்கு முன்பே கண்டுபிடிக்க எளிய வழிகள் இருக்கின்றன. கம்புகளை உருவி, துணியைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தையல் வரிசையில் ஊசித் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் துணி தளர்ந்துவிட்டது. குழலின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்; அங்கே நூல் நூலாகத் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஓரத்தில் இரு கட்டைவிரல்களாலும் பிடித்து எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நல்ல கித்தான் அசையாது. வெயிலில் வெந்தது 'சர்'ரென்று கிழியும். பிளாஸ்டிக் பூசிய வலைத்துணி என்றால் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். பூச்சு பொடியாக உதிர்ந்தால் உள்ளிருக்கும் இழைக்கு இனிக் காப்பு இல்லை.

கிழிசலுக்கு மேல் ஒட்டுப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒட்டு நல்ல துணிதான், ஆனால் அதைத் தைப்பது நைந்த துணியின்மேல். அடுத்த கிழிசல் ஒட்டின் ஓரத்திலேயே வரும். எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் ஈஸி சேரில் அப்படித்தான் நடந்தது. ஒட்டு முழுசாக இருந்தது, அதைச் சுற்றி ஒரு சன்னல்போலத் திறந்துகொண்டது. நல்லவேளையாகக் கீழே கோரைப்பாய் விரித்திருந்தார்கள்.

எந்தத் துணி

மர ஈஸி சேருக்குப் பருத்திக் கித்தான், அதாவது கேன்வாஸ், காலங்காலமாகப் பயன்பட்டுவருவது. காற்றோட்டம் உண்டு, வியர்வையை உறிஞ்சும், உடம்பில் ஒட்டாது. நனைந்தால் பருத்தி இழை வலு குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்யும். அதன் எதிரி பூஞ்சை மட்டுமே. கூரைக்கு அடியில், மழைச் சாரல் படாத திண்ணையில் போடுவதானால் இதைவிடச் சிறந்த துணி இல்லை. கடையில் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. 350 முதல் 450 வரை உள்ள கித்தான் ஈஸி சேருக்கு ஏற்றது. சட்டைத்துணி, திரைச்சீலைத் துணி, சோபா உறைத் துணி எதுவும் ஆகாது. பூப்போட்ட திரைச்சீலைத் துணியைக் கடைக்காரர் 'இதுவும் கெட்டிதான்' என்று நீட்டுவார், வாங்காதீர்கள்.

வெயிலும் மழையும் நேரே படும் இடத்துக்குப் பாலியஸ்டர் நல்லது. பூஞ்சை அதை எளிதில் தின்னாது, சுருங்காது. நைலான் தொடக்கத்தில் மிக வலுவாகத் தோன்றினாலும் வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டரைவிடப் பின்தங்கியது. உரச்சாக்கு செய்யும் பாலிபுரோப்பிலீன், வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலக்காமல் இருந்தால், மாடியில் சில மாதங்களிலேயே பொடிந்துபோகும். மாடித்தோட்டத்தில் சாக்கு வைத்துச் செடி வளர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அலுமினிய நாற்காலிகளில் இருப்பது பாலியஸ்டர் இழையின்மேல் பி.வி.சி. பூசி நெய்த வலைத்துணி. தண்ணீர் அதில் தங்காது, காற்றுப் போகும், இழுவிசையைத் தாங்கும். அந்த நாற்காலிக்கு அதே வகைத் துணியைத்தான் போட வேண்டும்.

நூலிலும் கவனம் வேண்டும். துணி எதுவாக இருந்தாலும் தடித்த பாலியஸ்டர் நூலால் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூலால் தைத்தால் துணிக்கு முன்பே தையல் மட்கிவிடும்.

தைத்து முடித்த ஈஸி சேர் துணிகள் பாய், மெத்தை விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. அவசரத்துக்கு வாங்கலாம். ஆனால் முன்பே சொன்னபடி நாற்காலிகளின் அளவு வீட்டுக்கு வீடு வேறு. அதோடு ஆயத்தத் துணிகளில் குழலை ஒற்றைத் தையலில் விட்டிருப்பார்கள். வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னும் இரண்டு வரிசைத் தையல் போட்ட பிறகு மாட்டுவது நல்லது.

மர ஈஸி சேருக்கு அளவு எடுப்பது

பழைய துணியை விரித்து அதே நீளத்துக்கு வெட்டுவதுதான் எல்லோரும் செய்வது. பழைய துணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். அதே நீளத்துக்குத் தைத்த புதுத் துணியும் நாளடைவில் இழுபடும்போது உட்காருமிடம் இன்னும் கீழே இறங்கி, அடியிலுள்ள குறுக்குச் சட்டம் தொடையில் இடிக்கும். ஆகவே நாற்காலியிலிருந்தே அளவு எடுப்பது மேல். நாற்காலியை வழக்கமான சாய்வில் விரித்து, மேல் கம்பிலிருந்து கீழ்க் கம்புக்கு ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிடுங்கள். கயிற்றின் தாழ்ந்த பகுதி, உட்கார வேண்டிய உயரத்துக்கு வரும்வரை நீட்டிக் குறைத்துப் பார்த்து, இரு கம்புகளின் வெளி விளிம்பிலும் அடையாளமிட்டு அந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். புதுக் கித்தான் முதல் சில வாரங்களில் சற்று நீளும் என்பதால் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம்.

உட்காரப்போகிறவர் யார் என்பதும் அளவில் சேரும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஆழமான ஈஸி சேரில் உட்காருவது எளிது, எழுந்திருப்பது கடினம். அவர்களுக்காகத் துணியை மூன்று நான்கு சென்டிமீட்டர் குட்டையாக வைத்தால் இருக்கை மேலே வரும். அப்பாவுக்காகச் செய்கிறீர்கள் என்றால் அப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள்.

கித்தானை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கம்பு துளைக்கு எட்டாது.

இப்போது ஒரு கணக்கு. கம்பின் விட்டம் 2.5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 7.9 சென்டிமீட்டர். கம்பு தாராளமாக நுழையக் குழலின் சுற்று 9 சென்டிமீட்டர் வேண்டும், அதாவது தட்டையாகப் பார்த்தால் 4.5. அதற்கு அப்பால் தையல் வரிசைகளுக்கு 3 சென்டிமீட்டர், நுனி பிரியாமல் உள்ளே மடிக்க 1.5. ஆக, ஒரு முனைக்கு மடிப்பு 9 சென்டிமீட்டர், இரு முனைக்கும் 18. முடிந்த நீளம் 120 சென்டிமீட்டர் வேண்டுமானால் 138 வெட்ட வேண்டும். உங்கள் கம்பு வேறு கனமாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

அகலத்துக்குச் சட்டத்தின் உட்புற இடைவெளியை அளந்து, இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். துணி மரத்தோடு உரசக் கூடாது. துணியின் பாவு, அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் இழை, நாற்காலியின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். கோடுபோட்ட ஈஸி சேர் துணிகளில் கோடு மேலிருந்து கீழாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாவின் திசை. பீஸில் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டுவது தையற்காரர்களின் வழக்கம். முன்பே சொல்லிவிடுங்கள்.

தைத்தலும் மாட்டுதலும்

வீட்டுத் தையல் இயந்திரத்தில் இரண்டு மடிப்புக் கித்தானைத் தைக்கலாம், மடித்த ஓரத்தில் நான்கு மடிப்பு வரும்போது அது திணறும். 18ஆம் எண் ஊசி போட்டு, கைச்சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாகத் தைத்தால் முடியும். இல்லாவிட்டால் கார் சீட் உறை, தார்ப்பாய், பள்ளிப்பை தைப்பவர்களிடம் கொடுப்பதே நல்லது. அவர்களிடம் கனத்த இயந்திரமும் நூலும் இருக்கும். சட்டை தைக்கும் கடைக்காரர் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டு, ஊசி இரண்டை உடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தருவார்.

குழலை மூன்று வரிசையாகத் தைக்க வேண்டும். தையலின் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பது தவறு. அஞ்சல் தலைத் தாளில் துளை போட்டு வைத்திருப்பது கிழிப்பதற்காகத்தானே? நெருக்கமான ஊசித் துளைகள் துணியிலும் அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது தூரம் முன்னும் பின்னுமாக ஓட்டி நூலை இறுக்கிவிட வேண்டும். கிழிசல் எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும்.

துணி தயாராவதற்குள் கம்புகளைப் பாருங்கள். நீளவாக்கில் விரிசல், வண்டு துளைத்த பொடி, நடுவில் வளைவு இருந்தால் அதே விட்டத்தில் புதிய கம்பு கடைந்து வாங்குங்கள். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய மரச்சாமான்களுக்கு நடுவே ஈஸி சேர் சட்டங்களும் கிடைப்பதுண்டு; அங்கே நாற்காலி வாங்குகிறவர்கள் துணியை விட்டுவிட்டுக் கம்பையும் துளைகளையும் பார்த்து வாங்க வேண்டும். கம்பின் சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினால் குழலின் உட்புறம் தேயாது. சட்டத்தின் திருகாணிகளையும் இறுக்கிவிடுங்கள்.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. கம்பின் இரு நுனிகளும் சட்டத்தின் துளைக்கு வெளியே தெரிய வேண்டும். நுனியில் ஆப்பு செருகும் துளை இருந்தால் ஆப்பை மறக்காதீர்கள். ஈஸி சேர் கம்பை உருவிவிட்டுத் துணியை மட்டும் விரித்து வைப்பது நம் ஊரில் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. திரைப்படங்களில் சிரிப்புக்குப் பயன்பட்டதால் அது ஆபத்தில்லாதது என்று தோன்றுகிறது. எழுபது வயதுக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் பல மாதங்கள் படுக்கைதான். சிலர் பிறகு பழையபடி நடப்பதே இல்லை. ஆப்பு அடித்த கம்பைப் பிள்ளைகள் உருவ முடியாது.

அலுமினிய நாற்காலி

இது சற்று வேறு வேலை. பக்கச் சட்டங்கள் ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். துணியின் ஓரத்தை மடித்துத் தைத்து, மடிப்புக்குள் பிளாஸ்டிக் கம்பி ஒன்றைச் செருகியிருப்பார்கள். கம்பியோடு கூடிய ஓரம் காடிக்குள் இருக்கும். காடியின் வாய் குறுகலாதலால் வெளியே வராது. இரு சட்டங்களையும் விலக்கிப் பிடிப்பது நடுவிலுள்ள குறுக்குத் தண்டுகள்.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகாணி எந்த இடம் என்பது பிறகு நினைவுக்கு வராது. திருகாணிகள் இறுகிப்போயிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு வைக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணி போட்டு, நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலம்போல வேலை செய்து, திருகாணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அப்படிப்பட்டவற்றை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைப் பிளாஸ்டிக் வாஷரோடு போடுங்கள்.

குறுக்குத் தண்டுகளைத் தளர்த்தினால் துணி தொய்யும். சட்ட நுனியிலுள்ள மூடிகளை எடுத்துவிட்டுத் துணியைக் காடி வழியே நீளவாக்கில் உருவலாம். உருவ வரவில்லையென்றால் நடுவில் வெட்டிவிட்டு இரு பாதிகளையும் தனித்தனியாக இழுங்கள். ஆனால் அதற்கு முன்பே அளவு எடுத்திருக்க வேண்டும். துணி இழுபடாமல் இருக்கும் மேல் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் கம்பியிலிருந்து மறு கம்பி வரை உள்ள அகலம்தான் அளவு. அது சட்டங்களின் இடைவெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுதான் துணியை விறைப்பாக வைக்கிறது. பழைய பிளாஸ்டிக் கம்பி உடையாமல் இருந்தால் அதையே மறுபடி செருகலாம்.

புதுத் துணியை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு எடுத்தால் பூச்சு இளகி இசைந்துகொடுக்கும். காடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, இரு ஓரங்களையும் ஒரே சமயத்தில் நுழைத்து, இருவர் நின்று சமமாக இழுக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் ஒரு பக்கம் முன்னேறிக் கோணிக்கொள்ளும். பிறகு சட்டங்களை விலக்கிக் குறுக்குத் தண்டுகளைப் பொருத்துவதுதான் கடினமான கட்டம். கையால் இழுத்து முடியாது என்றால் தச்சர்களிடம் இருக்கும், பின்னோக்கித் திருகி விரிக்கும் கிளாம்பை வாங்கிப் பயன்படுத்தலாம். எல்லாத் திருகாணிகளையும் பாதி அளவு முடுக்கிவிட்டு, நாற்காலி சமதரையில் நான்கு காலும் பட நிற்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே முழுதும் முடுக்குங்கள். இவ்வகை நாற்காலிக்குத் துணி வாங்கித் தைப்பது சில சமயம் நாற்காலியின் விலையில் பாதிக்கு வந்துவிடும். சட்டம் வளைந்தோ பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டோ இருந்தால் செலவு செய்யாதீர்கள்.

சோதனை

மாட்டியவுடன் ஆளை உட்கார வைக்க வேண்டாம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருபது கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் எல்லா வீட்டிலும் தெரிந்தது. இவற்றில் எண்பது கிலோ அளவுக்கு மெதுவாக ஏற்றி, ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் தையல் வரிசைகளைப் பாருங்கள். துளைகள் நீண்டிருக்கக் கூடாது, நூல் எங்கும் தளரக் கூடாது. மர நாற்காலியில் பின்சட்டம் பல்லில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு வீட்டில் திடமான ஒருவர் முதலில் உட்காரட்டும்.

மடக்கும் நாற்காலியைச் சிறு குழந்தைகள் கையாளக் கூடாது. இரு மரச்சட்டங்கள் கத்தரிக்கோல்போல ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் விரல் இருக்கும்போது யாராவது நாற்காலியை நகர்த்தினால் விரல் நசுங்கும், துண்டாகவும் செய்யும். பெரியவர்களும் மடக்கும்போது சட்டத்தின் வெளிப்பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்

அக்டோபர் தொடக்கத்தில் பருத்தித் துணியைக் கழற்றி, சாதாரணச் சோப்பால் துவைத்து, நன்றாகக் காயவைத்து, கம்புகளோடு சேர்த்து வீட்டுக்குள் வைத்துவிடலாம். கரும்புள்ளி போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்காதீர்கள். புள்ளி போகும், இழையின் வலுவும் போகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் கூடாது. உள்ளே மிஞ்சிய ஈரம் வெளியே போக வழியில்லை. வெளியே எடுக்கும்போது துணியைத் தலைகீழாக மாட்டுவது ஒரு நல்ல பழக்கம். மேல் குழல் கீழே போகும், தேய்மானம் இரு முனைக்கும் பங்காகும். தைத்த மாதத்தையும் ஆண்டையும் குழலின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைத்தால், ஒவ்வொரு அக்டோபரிலும் கழற்றும்போது துணிக்கு எத்தனை வயது என்று தெரிந்துவிடும்.